இலையின் சின்னப் பாதி

“ஒரு செடிக்குப் பேர் வைக்கணும்னா அதை ஏன் கொல்லணும்?”

கேட்டவள் சிவபாக்கியம்.

ஹமீதா டிபன் டப்பாவைத் திறந்து ஒரு வெள்ளரித் துண்டை எடுத்து நீட்டினாள்.

“உங்க செடிக்கு இது ஒண்ணுவிட்ட சொந்தம். சாப்பிடுங்க பாக்கியக்கா.”

“பெகோனியாவும் வெள்ளரிக்காயுமா?”

“ஆமா. பூசணி, பாகல், சுரை எல்லாம் அந்த வகையறாதான்.”

“அடுத்த வாரம் வந்தா தேயிலையும் தென்னையும் சம்பந்தின்னு சொல்வீங்க.”

சொல்லிக்கொண்டே கடித்தாள். மென்றாள். விழுங்கினாள்.

“நான் கேட்டதுக்குப் பதில் வரலை, டீச்சர்.”

“உப்பு வேணுமா?” என்றாள் ஹமீதா.

*

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சிஷ்யைக்கு ஐம்பத்து மூன்று. குரு என்றால் நரைத்திருக்க வேண்டும், சிஷ்யை என்றால் தலை குனிந்திருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்ளலாம். இங்கே இரண்டும் இல்லை.

ஹமீதா கோத்தகிரிச் சரிவில் ஓர் உலர் தாவரகத்தைக் கவனித்துவந்தாள். காய்ந்த செடிகளைத் தாளில் தைத்து, பேர் எழுதி, எண் போட்டு, அலமாரியில் அடுக்கி வைக்கிற இடம். அங்கே யாரும் வருவதில்லை. வந்தாலும் கழிப்பறை எங்கே என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

சிவபாக்கியம் தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கிறவள். இருபத்திரண்டு வருடம். வியாழக்கிழமை ஃபேக்டரிக்கு விடுமுறை. அன்றைக்கு மட்டும் மூன்று கிலோமீட்டர் நடந்து இங்கே வருவாள்.

எல்லாம் ஒரு செடியால்.

ஓடைக்கு மேலே ஒரு பாறை. எப்போதும் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். அதில் ஒட்டிக்கொண்டு ஒரு பெகோனியா வளர்ந்தது. வேறெங்கும் அவள் அதைப் பார்த்ததில்லை. அவள் வீட்டு வாசலில் பெயின்ட் டப்பாவிலும் உடைந்த வாளியிலுமாக நாற்பது பெகோனியா இருக்கிறது. அதில் ஒன்றும் இதன் சாயலில் இல்லை.

ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று பாறைக்கு வெடி வைத்தார்கள். பாதிப் பாறை போனது. சிதறியதற்குள் கைவிட்டுத் துழாவி, ஒரே ஒரு செடியை எடுத்து வந்தாள். மூன்று இலை. ஒரு விரல் நீளத் தண்டு.

மீதிப் பாதிப் பாறை இன்னும் நின்றது. இன்னும் கசிந்தது. மழை முடிந்ததும் அதற்கும் வெடி.

அதை விட்டுவிடச் சொல்லி ரோடு ஆபீஸ் படிவத்தில் மனு எழுதினாள். அந்தப் பாறை இருந்தால் செடியைத் திரும்பக் கொண்டுபோய் வைக்கலாம். பெயின்ட் டப்பாவில் எத்தனை நாளைக்கு?

திருத்தி அனுப்ப ஒரு கெடுவோடு மனு திரும்பி வந்தது. ஏழாவது கட்டத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம்.

‘செடியின் தாவரவியல் பெயர்.’

பேர் இல்லாத ஒன்றுக்காக வெடியை நிறுத்த முடியாதாம். பேர் இல்லாவிட்டால் அது இல்லை என்றே அர்த்தமாம். நல்ல நியாயம்.

*

அவள் வந்த முதல் வியாழக்கிழமை ஹமீதா மேசையில் பன்னிரண்டு இலைகளைப் பரப்பினாள்.

“பிரிங்க.”

“இது எனக்குப் புதுசா? விடிஞ்சா இதே வேலைதானே.”

வெல்வெட் மாதிரி மயிர் இருப்பது ஒரு பக்கம். வழவழப்பு ஒரு பக்கம். புள்ளி போட்டது, அடிப்பக்கம் சிவந்தது, கை விரித்த மாதிரி வெட்டுப்பட்டது. நான்கு நிமிடத்தில் ஐந்து குவியல்.

ஹமீதா புறங்கையால் ஐந்தையும் தள்ளி ஒரே குவியலாக்கினாள்.

“எல்லாமே பெகோனியா.”

“அப்ப நான் பிரிச்சது?”

“அழகைப் பிரிச்சீங்க.”

சிவபாக்கியத்துக்குச் சுருக்கென்றது. விடுகிற ஆள் இல்லை அவள்.

“சரி, வேரை வெச்சுப் பிரிக்கிறேன். நார் வேர் விடுறது ஒண்ணு. கிழங்கு வைக்கிறது ஒண்ணு. இஞ்சி மாதிரி மண்ணுல படுத்துக் கிடக்கிறது ஒண்ணு. இதுக்கு என்ன சொல்றீங்க?”

“தொட்டிக்கு அது சரி. எதுக்கு எவ்வளவு தண்ணின்னு தெரிஞ்சிடும். யாருக்கு யார் உறவுன்னு தெரியாது.”

“உறவு எதுல தெரியும்?”

ஹமீதா ஒரு காயைக் காட்டினாள். மூன்று இறக்கை. ஒன்று மட்டும் நீளம். பிளேடால் குறுக்கே அறுத்தாள்.

“உள்ள எத்தனை அறை, விதை எதுல ஒட்டியிருக்குன்னு பார்க்கணும். பெண் பூவோட வயிறு இது.”

“உறவு கண்டுபிடிக்கவும் பொம்பளை வயித்தைத்தான் அறுக்கணுமா?”

“ஆண் பூவுக்கு வயிறு கிடையாதே, அக்கா.”

“அதானே பார்த்தேன்.”

ஹமீதா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓர் இலையை நகர்த்தினாள்.

“இதைச் சரிபாதியா மடிங்க.”

மடித்தாள். ஒரு பக்கம் பெரிதாக நீட்டிக்கொண்டு நின்றது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படியே. பன்னிரண்டையும் மடித்துப் பார்த்துவிட்டாள்.

“ஒண்ணு கூட நேரா இல்லையே, டீச்சர். எல்லாம் கோணல்.”

“ம்.”

“கோணலா?”

“அதை வெச்சுத்தான் தூரத்துலயே கண்டுக்குவோம். உலகத்துல ரெண்டாயிரம் சிற்றினத்துக்கு மேல இருக்கு. எல்லாரும் இந்தக் கோணல்காரங்கதான்.”

சிவபாக்கியம் மடித்த இலையைப் பிரித்து நீவினாள். நீவிக்கொண்டே ஆரம்பித்தாள்.

“செடிக்குப் பேர் வைக்கிற உங்க ஆளுங்க பரவாயில்லை, டீச்சர். அறுத்தாவது பார்க்குறாங்க. அங்க சிலோன்ல இருந்தப்ப நாங்க இந்தியாக்காரங்க. ஒம்பது வயசுல கப்பல்ல ஏத்திவிட்டாங்க. இங்க வந்து இறங்கினா சிலோன்காரங்க. நாப்பத்து நாலு வருசம் ஆச்சு, எங்க லைன் வீட்டுக்கு இன்னும் சிலோன் வரிசைன்னுதான் பேரு. எந்த வயித்தை அறுத்துப் பார்த்து அந்தப் பேரை வெச்சாங்க?”

ஹமீதா அறுத்த காயைத் தாளில் மடித்தாள்.

மடித்ததை ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னாள்.

“இந்தக் குடும்பத்துல ரெண்டே பேரினம். ஒண்ணு பெகோனியா, ரெண்டாயிரம் பேரோட. இன்னொண்ணுல ஒரே ஒருத்திதான். கடல் நடுவுல ஒரு தீவுல இருக்கா.”

“எந்தத் தீவு?”

“சிலோன் இல்லை. ஹவாய்.”

“அவளுக்கு வேற யாருமே இல்லையா?”

“இல்லை.”

அன்றைக்கு வீடு போய்ச் சேரும்வரை சிவபாக்கியம் அந்த ஒருத்தியையே நினைத்துக்கொண்டு நடந்தாள்.

*

பேர் அச்சில் வர ஒரு வருடம் ஆகும். ஆனால் செடி தாளில் ஏறி, தாளுக்கு ஓர் எண் விழுந்துவிட்டால் ஏழாவது கட்டத்துக்கு அது போதும். ஹமீதா விசாரித்துச் சொன்னாள்.

“வேர்த்தண்டு, இலை, ஆண் பூ, பெண் பூ, காய். எல்லாம் வேணும்.”

“மூணு இலைதானே இருக்கு. அப்புறம் டப்பாவுல என்ன மிஞ்சும்?”

“மண்ணு.”

“செடியையே கொண்டுவந்து உங்க ஜன்னல்ல வைக்கிறேன். வர்றவங்க பார்த்துக்கட்டும்.”

“உயிரோட இருக்கிறதுமேல பேரைத் தொங்கவிட முடியாது. அது வளரும், மாறும். நூறு வருசம் கழிச்சு ஒருத்தர் வந்து கேட்டாலும், இதுதான் அதுன்னு ஒண்ணைக் காட்டணும். சட்டம்.”

“சட்டத்தைச் சொன்னீங்க. ஏன்னு சொல்லலை.”

ஹமீதா அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தாள். ஸ்பிரிட். மூடி திறந்ததும் வாசம் மூக்கைக் குத்தியது.

“அழுத்துறதுக்கு முன்னால இதுல முக்கணும். பெகோனியா சுலபமா சாகாது. முக்காம அழுத்தினா தாளுக்குள்ளயே உயிரோட கிடக்கும்.”

ஒரு சின்ன சீசாவில் ஊற்றிக் கொடுத்தாள்.

“முதல்ல இலையும் பூவும். காய் பிடிச்சதும் மத்ததைப் பார்ப்போம்.”

இலையை வெட்டி வைத்தால் மற்ற பெகோனியா முளைக்கும். சிவபாக்கியத்துக்கு அது தெரியாதா என்ன? இதன் இலையோரத்தில் ஒரு துணுக்கு வெட்டி இரண்டு தடவை வைத்துப் பார்த்தாள். இரண்டு தடவையும் அழுகியது. அவளிடம் ஒரு குறை உண்டு. பிரியம் வந்துவிட்டால் தண்ணீர் ஊற்றாமல் இருக்க முடியாது.

*

ஆவணியில் பூத்தது. நான்கு இதழோடு ஆண் பூ இரண்டு. ஐந்து இதழோடு பெண் பூ இரண்டு. வெளுத்த ரோஸ் நிறம்.

ஒரு பெண் பூவைக் காய்க்கு விட்டுவிட்டு, மற்ற பூக்களையும் ஓர் இலையையும் வெட்டினாள். சீசாவைத் திறந்தாள். ஸ்பிரிட்டைக் கிண்ணத்தில் ஊற்றினாள்.

இலையைக் கிண்ணத்துக்கு மேலே பிடித்தாள்.

பிடித்தபடியே இருந்தாள்.

அப்புறம் கிண்ணத்தைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, இலையையும் பூக்களையும் நேராக நியூஸ் பேப்பருக்குள் வைத்து, டிரங்குப் பெட்டிக்கு அடியில் செருகினாள்.

வியாழக்கிழமை கொண்டுபோனாள்.

ஹமீதா தாளைப் பிரித்தாள். குனிந்து பார்த்தாள்.

“முக்கினீங்களா, அக்கா?”

“முக்கிட்டேன், டீச்சர்.”

ஹமீதா தலையசைத்தாள்.

மற்ற செடிகள் எல்லாம் ஓர் அறையில், இரண்டு பல்பு எரிகிற மரப்பெட்டிக்குள் காயும். பட்டை போட்டு இறுக்கி, தினமும் பேப்பர் மாற்றி வைப்பார்கள். சிவபாக்கியத்தின் தாளை ஹமீதா அதில் வைக்கவில்லை. ஈரக் காற்று வீசும் ஜன்னலோரம், ஒரு லேசான பலகைக்கு அடியில் வைத்தாள்.

சிவபாக்கியம் அதைப் பார்த்தாள்.

சரிதான். காலேஜ் ஆட்கள் அனுப்பினால் பல்புப் பெட்டி. சிலோன்காரி கொண்டுவந்தால் ஜன்னல். படித்தால் மட்டும் மாறிவிடுவார்களா?

“அங்கே ஏன் வைக்கிறீங்க?”

“இடம் இருக்கு.”

பல்புப் பெட்டியிலும் இடம் இருந்தது. அவள் பார்த்தாள். அடுத்த வாரம் பார்த்தாள், அதற்கடுத்த வாரமும். பலகை நகரவே இல்லை. பேப்பரை யாரும் மாற்றவில்லை. கேட்டால் தன் பொய்யும் வெளியே வரும். பல்லைக் கடித்துக்கொண்டு வெள்ளரிக்காயைத் தின்றுவிட்டு வந்தாள்.

*

ஐப்பசி மழை எட்டு நாள் விடவில்லை.

சிவபாக்கியம் பெயின்ட் டப்பாவை உள்ளே எடுத்தாள். குளிர் படக்கூடாது என்று பாலிதீன் கவரால் மூடினாள். காய் நன்றாக முற்றட்டும் என்று காலையில் தண்ணீர், ராத்திரியில் ஊற்றக் கூடாது என்று சாயங்காலமே இன்னொரு தடவை.

ஐந்தாம் நாள்தான் கவரை முழுதாகத் தூக்கிப் பார்த்தாள்.

இலை இரண்டும் கூழாகக் கிடந்தது. வேர்த்தண்டைத் தொட்டால் விரல் உள்ளே போனது. காய் மட்டும் பச்சையாக, முற்றாமல், சாய்ந்த காம்பில் தொங்கியது.

அவள் அழவில்லை. வியாழக்கிழமை வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. அன்றைக்கு வியாழக்கிழமைதான். டப்பாவோடு அப்படியே மழையில் இறங்கி நடந்தாள்.

*

டப்பாவை மேசைமேல் வைத்தாள்.

“நான் கொல்ல மாட்டேன்னு சொன்னேன். இப்ப பாருங்க. கொன்னுட்டேன். பேர் வைங்க.”

ஹமீதா டப்பாவுக்குள் பார்த்தாள். ஒரு துண்டை எடுத்து வந்து சிவபாக்கியத்திடம் கொடுத்தாள்.

“முதல்ல தலையைத் துவட்டுங்க.”

“மனுவுக்கு நாளைக்குக் கடைசி நாள், டீச்சர்.”

“தெரியும்.”

காயை மெதுவாகக் கிள்ளி எடுத்தாள். குறுக்கே அறுத்து லென்ஸுக்கு அடியில் வைத்தாள். நெடுநேரம் பார்த்தாள். அலமாரியிலிருந்து ஒவ்வொரு தாளாக எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தாள்.

“இது எங்கிட்ட இருக்கிற எதோடயும் சேரலை.”

“அப்ப புதுசா?”

“புதுசுதான்.”

“விதையைப் போட்டா முளைக்குமா?”

“பச்சைக் காய், அக்கா. விதை முத்தலை.”

சிவபாக்கியம் துண்டை மடித்தாள். மடித்ததை மறுபடி மடித்தாள்.

“ஆள் இருந்தப்ப பேர் இல்லை. இப்ப பேர் வருது. ஆள் இல்லை.”

ஹமீதா கழுவிய வேர்த்தண்டையும் அறுத்த காயையும் கிண்ணத்து ஸ்பிரிட்டில் போட்டாள். பூக்கள் அந்தப் பழைய தாளில் இருக்கின்றன. கூழான இலையை வைத்து எதுவும் செய்ய முடியாது. அதற்கும் அந்தத் தாள்தான்.

ஜன்னலோரம் போய்ப் பலகையைத் தூக்கி, தாளை எடுத்து வந்து சிவபாக்கியத்தின் முன்னால் வைத்தாள்.

“பிரிங்க.”

பிரித்தாள்.

பேப்பர் ஒட்டிக்கொண்டு வந்தது. இழுத்தாள். வரவில்லை. குனிந்து பார்த்தாள்.

பூக்கள் காய்ந்து, மெல்லிய காகிதமாகத் தாளில் படிந்திருந்தன. இலை காயவில்லை. பச்சையாகவே இருந்தது. காம்பு சேரும் இடத்தில், பெரிய நரம்புகள் ஓரமாக, வெளிறிய மூன்று துளிர். பருப்பளவு இரண்டு. கடுகளவு ஒன்று. வெள்ளை வேர்கள் பேப்பரைத் துளைத்து, ஏதோ சினிமா விளம்பரத்துக்குள் இறங்கியிருந்தன.

ஒவ்வொரு துளிரிலும் இலை பிரிய ஆரம்பித்திருந்தது. அதற்குள்ளேயே கோணல்.

சிவபாக்கியம் பேப்பரை இழுப்பதை விட்டாள்.

“டீச்சர்.”

“ம்.”

“அன்னைக்கு நான் முக்கலை.”

“தெரியும். வாசமே வரலையே.”

சிவபாக்கியம் பல்புப் பெட்டி இருந்த அறையைத் திரும்பிப் பார்த்தாள். அதன் சூடு இங்கேவரை வந்தது. ஜன்னலைப் பார்த்தாள். பலகை இருந்த இடத்தில் ஈரம் சதுரமாகப் படிந்திருந்தது.

“நான் உங்களை என்னென்னமோ நினைச்சேன்.”

“வெள்ளரிக்காயைக் கடிச்ச கடியிலயே தெரிஞ்சது.”

ஹமீதா பேப்பரை நனைத்து இலையைப் பிரித்து, ஒரு வெள்ளைத் தாளில் வைத்து, பென்சிலால் சுற்றிலும் கோடு இழுத்தாள். முழு உருவம் தாளில் விழுந்தது. பிறகு பென்சிலைக் கீழே வைத்தாள்.

“தாளுக்கு ஒரு இலை வேணும். இது ஒண்ணுதான் இருக்கு.”

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. ஓடைக்கு மேலே பாதிப் பாறை நனைந்துகொண்டிருக்கும்.

“கோடு போட்டீங்களே, அது போதாதா?”

“கோடு மட்டும் இலை ஆகாது.”

“இலையை முக்கினா மூணும் போயிடும்.”

“ஆமா.”

“முக்காட்டி நாளைக்குத் தாள் இல்லை. பாறையும் போயிடும். அப்புறம் இதுங்களை எங்க கொண்டுபோய் வைக்கிறது? பெயின்ட் டப்பாவுலயா?”

ஹமீதா சட்டம் என்று சொல்லவில்லை. வெள்ளரிக்காயும் எடுக்கவில்லை. ஒரு புது பிளேடைத் தாள் பிரித்து, மேசையில் வைத்துத் தள்ளினாள். அது சிவபாக்கியத்தின் விரல் நுனிவரை வந்து நின்றது.

சிவபாக்கியம் பிளேடைப் பார்த்தாள். இலையைப் பார்த்தாள்.

நடு நரம்பில் வைத்து மெதுவாக இழுத்தாள்.

இலை இரண்டாகப் பிரிந்தது. அன்றைக்குப் பன்னிரண்டு இலையை மடித்துப் பார்த்தபோது தெரிந்த அதே மாதிரி. ஒரு பக்கம் பெரிது. ஒரு பக்கம் சின்னது.

பெரிய பாதியில் பருப்பளவுத் துளிர் இரண்டும் இருந்தன. ஈரத் துணியில் அதை வைத்தாள். தண்ணீர் ஜாடியை எடுத்தாள். எடுத்த கையை அப்படியே நிறுத்தினாள். ஜாடியை எட்டாத தூரத்தில் தள்ளி வைத்தாள்.

சின்னப் பாதியை இரண்டு விரலால் தூக்கினாள். நரம்போரம் அந்தக் கடுகளவுத் துளிர்.

“இந்தக் குட்டியை மட்டும் கிள்ளி எடுத்துடலாமா, டீச்சர்?”

“அதோட வேர் இன்னும் இலைக்குள்ளதான் இருக்கு.”

சிவபாக்கியம் அதைக் கண்ணருகே கொண்டுபோனாள். என்னவோ சொன்னாள். ஹமீதாவுக்குக் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி சொல்லவும் இல்லை.

கிண்ணத்தைத் தானே இழுத்துக்கொண்டாள். இரண்டு விரல் நுனியிலும் ஸ்பிரிட் சில்லிட்டது.

ஹமீதா லேபிளில் எண்ணை எழுதத் தொடங்கினாள். தலையைத் தூக்கவில்லை. ஒன்றும் கேட்கவில்லை.

“முக்கிட்டேன், டீச்சர்,” என்றாள் சிவபாக்கியம்.